தலைமை கற்றுத் தந்த கேள்விகள்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. பள்ளியில் தலைவியாக இருந்தவள் பிற்காலத்தில் நாட்டுக்கே தலைவியாவாள் என்று சொல்ல விரும்புவோர் இப்பழமொழியை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவன்று. வகுப்புத் தலைவியாக இருந்து, அந்தப் பொறுப்பைச் சரியாகச் செய்யத் தெரியாமல் விழித்த ஒருத்திக்கு அரசியல் அறிவியல் என்னும் பாடத்தின் மேல் எப்படி ஆசை பிறந்தது என்பதையே இங்கு விளக்க விரும்புகிறேன். அந்த ஒருத்தி நான்தான்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்களைப் பார்ப்பவர் எல்லாரும் இவ்வாண்டு தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுக்கப் போகிறாய்?" நான், "அரசியல் அறிவியல் உள்ள பிரிவு" என்றதும் கேட்டவர் முகம் மாறிவிடும். "அரசியலா? பெண் பிள்ளைக்கு எதற்கம்மா அது?" என்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் விடை சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தில் எழுதியதே இக்கட்டுரை.

அரசியல் வேறு, அரசியல் அறிவியல் வேறு

நோய்களைப் பற்றிப் படிப்பவள் நோயாளி ஆவதில்லை. அதுபோலவே அரசியலைப் பற்றிப் படிப்பவள் எல்லாரும் கட்சிக்கொடி பிடிக்கப் போவதில்லை. ஆளும் அதிகாரம் யாருக்கு உரியது? அதை அவருக்குக் கொடுத்தவர் யார்? அதற்கு எல்லை எது? அது தவறாகப் பயன்பட்டால் யாரிடம் முறையிடுவது? இவற்றை ஆராய்வதே அரசியல் அறிவியல்.

இது புதிய படிப்பும் அன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் அவருடைய மாணவர்களும் 158 அரசுகளின் ஆட்சிமுறைகளைத் திரட்டி ஆராய்ந்ததாகக் கூறுவர். நம் திருக்குறளிலோ பொருட்பாலின் முதல் இயலுக்கே 'அரசியல்' என்றுதான் பெயர். இறைமாட்சி தொடங்கி 25 அதிகாரங்கள் அதில் உள்ளன. இவ்வளவு பழமையான கல்வியை நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

ஆனால் இவையெல்லாம் நான் பின்னர் அறிந்து கொண்டவை. எனக்கு இந்த ஆசையை முதலில் ஊட்டியது புத்தகம் அன்று. ஒரு சாக்பீஸ் துண்டு.

கரும்பலகையில் எழுதிய பெயர்

நான் ஏழாம் வகுப்பில் லீடராக இருந்தேன். உயரமாக இருந்ததாலோ, குரல் உரத்து இருந்ததாலோ, எங்கள் வகுப்பாசிரியை என்னை எழுப்பி, "இனி நீதான் லீடர்" என்று சொல்லிவிட்டார். ஆசிரியை இல்லாத நேரத்தில் பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. இப்பதவியை வகித்த தோழியருக்கு அதன் பெருமை தெரியும். சாக்பீஸைக் கையில் எடுத்தவுடன் நாற்பது பேர் வாய் மூடுவார்கள். அப்போது மனத்தில் ஒரு கர்வம் தோன்றும்.

ஒருநாள் ஆசிரியை வராத பாடவேளையில் வகுப்பு சந்தைக்கடை ஆயிற்று. நான் ஆறு பெயர்களை எழுதினேன். அவற்றுள் ஒன்று, அதற்கு முந்தைய நாள் என்னோடு சண்டையிட்ட தோழியின் பெயர். அவள் பக்கத்தில் இருந்தவளிடம் ரப்பர் கேட்டாள், அவ்வளவே. என் அருகில் உட்கார்ந்து, பாடவேளை முழுவதும் என்னோடு கதை பேசிக்கொண்டிருந்த என் உயிர்த்தோழியின் பெயரை நான் எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை!

அறுவரும் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அதுவரை ஒருமுறைகூடத் தண்டனை பெறாத அத்தோழி அழுதுகொண்டே நின்றாள். மாலையில் மணி அடித்தபின் என்னிடம் வந்து, "நீ எழுதினதுதான் சட்டம். நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்துச் சமூக அறிவியல் பாடத்தில் அரசின் மூன்று உறுப்புகளைப் படித்தோம். சட்டம் இயற்றுவது ஒன்று, அதை நடைமுறைப்படுத்துவது ஒன்று, அதன்படி நீதி வழங்குவது மற்றொன்று. இம்மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் மக்களுக்குச் சுதந்திரம் இராது என்று மாண்டெஸ்கியூ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1748ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார் என்று எங்கள் ஆசிரியை விளக்கினார். எனக்கு உடனே கரும்பலகை நினைவுக்கு வந்தது. எது பேச்சு, எது பேச்சு அன்று என்று முடிவு செய்தவள் நான்; பெயரை எழுதியவள் நான்; குற்றவாளி என்று தீர்ப்பளித்தவளும் நானே. மூன்று உறுப்புகளும் ஒரு சாக்பீஸில் அடங்கிவிட்டன!

அதைவிட என்னை அசைத்தது மற்றொரு செய்தி. நமது அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு, அடிப்படை உரிமை பறிக்கப்பட்ட எவரும் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகலாம் என்கிறது. 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தையும் நாடலாம். அரசியலமைப்பிலேயே மிக முக்கியமான பிரிவு எது என்று கேட்டால் இதையே காட்டுவேன் என்றும், இதுவே அதன் ஆன்மாவும் இதயமும் என்றும் டாக்டர் அம்பேத்கர் 1948 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசினார். உரிமைகளின் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன? அது பறிபோகும்போது முறையிட ஓர் இடம் இல்லாவிட்டால் பட்டியல் வெறும் காகிதமே. "யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்று என் தோழி கேட்டாளே, அக்கேள்விக்குத்தான் ஒரு நாட்டின் அரசியலமைப்பு விடை எழுதி வைத்திருக்கிறது! பன்னிரண்டு வயதுப் பெண் அழுதுகொண்டே கேட்டதும், பெரிய சட்டமேதை சபையில் நின்று பேசியதும் ஒரே பொருளைப் பற்றித்தான் என்று அறிந்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

பதினேழு கைகள்

எட்டாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை தேர்தல் வைத்தார். நானும் இன்னொருத்தியும் போட்டியிட்டோம். நாங்கள் இருவரும் வாக்களிக்கக் கூடாது. மற்ற 44 பேரும் கை உயர்த்த வேண்டும். எனக்கு 36 கைகள் உயர்ந்தன, அவளுக்கு எட்டு. நான் சிரித்துக்கொண்டே நின்றேன். ஆனால் ஆசிரியை, கை தூக்குமுன் பலர் அக்கம் பக்கம் பார்த்ததைக் கவனித்திருக்கிறார். "நாளை சீட்டில் எழுதிப் போடலாம்" என்றார். மறுநாள் எண்ணியபோது எனக்கு 19; அவளுக்கு 25!

ஒரே இரவில் 17 பேர் எங்கே போனார்கள்? அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமன்று. எல்லாரும் துரோகம் செய்துவிட்டதாகவே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அந்தப் பதினேழு பேர் முதல் நாளும் என்னை விரும்பவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்ததால் கை தூக்கினார்கள். சாக்பீஸ் பிடித்த என் கையை அவர்கள் மறந்திருக்கவில்லை.

இரகசிய வாக்கெடுப்பின் பெருமை எனக்குத் தோல்வியால் விளங்கிற்று. இங்கிலாந்தில்கூட 1872ஆம் ஆண்டுவரை வாக்காளர் தம் விருப்பத்தை எல்லார் முன்னிலையிலும் வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருந்தது. பண்ணையாரும் முதலாளியும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏழை உழவன் எப்படித் தன் மனம் போல் வாக்களிப்பான்?

நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்தது. வாக்காளர் 17 கோடிக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களும் இரகசியமாக வாக்களிக்க வேண்டுமே! அதற்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். பிறர் உதவியின்றிச் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டால் போதும்.

அத்தேர்தலில் நிகழ்ந்த ஒன்றைப் பெண்களாகிய நாம் மறக்கலாகாது. வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே பதிவு செய்தனர். சொந்தப் பெயர் தந்தால்தான் வாக்குரிமை என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார். ஏறத்தாழ எட்டுக் கோடிப் பெண் வாக்காளருள் சுமார் 28 இலட்சம் பேர் கடைசிவரை பெயர் தராததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். முதலில் படித்தபோது இது கொடுமை என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால், ஒரு பெண்ணை அவள் பெயராலேயே குடிமகளாக மதிக்க வேண்டும் என்ற பிடிவாதமும் அதில் இருக்கிறது. இரண்டில் எது சரி? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு பாடவேளை முழுவதும் வாதாடினோம், முடிவு காணவில்லை. இப்படி முடிவு காணாமல் மணி அடித்துவிடும் பாடம்தான் எனக்குப் பிடித்த பாடம்.

கணக்கு எங்கே?

என்னை வென்று தலைவியானவள் ஒரு காரியம் செய்தாள். ஆசிரியர் தினத்துக்காக வகுப்பில் பணம் திரட்டியபோது, யார் எவ்வளவு தந்தார், மாலைக்கு எவ்வளவு, இனிப்புக்கு எவ்வளவு என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். மீதி 14 ரூபாய் என்றும் எழுதியிருந்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. முந்தைய ஆண்டு நானும் பணம் திரட்டினேன். ஒரு காசும் எடுக்கவில்லை. ஆனால் கணக்கும் எழுதவில்லை. யாராவது கேட்டால், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொண்டேன். நேர்மையாக இருப்பது வேறு, நேர்மையாக இருந்ததைக் காட்டுவது வேறு என்பதை நான் அறியவில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நாம் எல்லாரும் பாடத்தில் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறையை அவை கூறுகின்றன. தேர்வுக்கு இவற்றை மனப்பாடம் செய்யும் நாம் ஒரு விதியைக் கவனிப்பதில்லை. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வரக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் நான் இருந்திருந்தால் என் ஓலை குடத்துக்கு வெளியேதான் கிடந்திருக்கும். இல்லை, பெண்ணாகிய எனக்கு ஓலையே இருந்திராது. சொந்த நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே அங்கு இடம். நல்ல விதியும் ஓரவஞ்சனையும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே உண்மையான படிப்பு.

இன்று அந்த ஓலை நமக்கும் உண்டு. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2016இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. சென்ற மே மாத விடுமுறையில் பாட்டியின் ஊருக்குச் சென்றிருந்தபோது, மே முதல் நாள் கூடிய கிராம சபைக்கு அவர் என்னையும் அழைத்துச் சென்றார். வரவு செலவுக் கணக்கை ஒருவர் வேகவேகமாகப் படித்தார். என் பாட்டி எழுந்து, "மெதுவாப் படிங்க தம்பி, எங்களுக்கும் காது இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் முதலிலிருந்து மெதுவாகப் படித்தார். பாட்டி படித்தது மூன்றாம் வகுப்புவரைதான். ஆனால் கணக்குக் கேட்பது குடிமக்களின் உரிமை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அனுபவம் மட்டும் போதுமா?

அப்படியானால் அனுபவமே போதாதா, பாடம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு நெல்சன் மண்டேலாவின் மாணவப் பருவத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் ஃபோர்ட் ஹேர் கல்லூரியில் அவர் பயின்ற பாடங்களுள் அரசியலும் ஒன்று. 1940இல் அங்கு மாணவர் பேரவைத் தேர்தல் வந்தது. விடுதி உணவு மோசமாக இருந்ததாலும், பேரவைக்கு மேலும் அதிகாரம் வேண்டும் என்பதாலும் பெரும்பாலான மாணவர்கள் தேர்தலைப் புறக்கணித்தனர். சுமார் 25 பேர் மட்டும் வாக்களித்து, மண்டேலா உட்பட ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தனர். பெரும்பான்மையோர் வாக்களிக்காத பதவி வேண்டாம் என்று அறுவரும் விலகினர். கல்லூரி முதல்வர் எல்லாரும் கூடியிருக்கும் இரவு உணவு வேளையில் மறுதேர்தல் வைத்தார். மீண்டும் அதே 25 பேர்; அதே ஆறு பேர்! எல்லாரும் கூடியிருந்தார்கள் அல்லவா, ஆகவே இது செல்லும் என்று மற்ற ஐவர் ஒப்புக்கொண்டனர். கூடியிருப்பது வேறு, வாக்களிப்பது வேறு என்று மண்டேலா மட்டும் மறுத்துவிட்டார். பேரவையில் சேர்ந்தால்தான் கல்லூரிக்குத் திரும்பலாம் என்று முதல்வர் நிபந்தனை விதித்தார். மண்டேலா திரும்பவில்லை, பின்னர் அஞ்சல் வழியில் படித்தே பட்டம் பெற்றார்.

இங்கே அனுபவம் ஒரு கேள்வியை எழுப்பியது: பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளாத பதவி பதவியாகுமா? வெறும் அனுபவமாக இருந்தால், "எப்படியோ ஜெயித்தோம்" என்று நாற்காலியில் அமர்ந்துவிடலாம். நின்று யோசிக்கக் கற்றவருக்கே அது ஒரு கேள்வியாகத் தெரியும். அனுபவம் கேள்வியைத் தருகிறது. அதே கேள்வியைப் பல நாட்டவரும் பல காலத்தவரும் எப்படி எதிர்கொண்டார்கள் என்று பாடம் சொல்லித் தருகிறது. கரும்பலகை இல்லாமல் மாண்டெஸ்கியூவைப் படித்திருந்தால் ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டுமே அவர் என் நினைவில் இருந்திருப்பார். மாண்டெஸ்கியூ இல்லாவிட்டாலோ, கரும்பலகை ஒரு சிறுபிள்ளைச் சண்டையாகவே மறந்து போயிருக்கும்.

வீட்டில் நடந்த வாதம்

இனி என் வீட்டுக்கு வருகிறேன். கணக்கிலும் அறிவியலிலும் எனக்கு நல்ல மதிப்பெண் வருவதால் நான் அறிவியல் பிரிவில் சேர வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். "அரசியல் நமக்கு ஒத்து வராதும்மா. நல்லவங்க அந்தப் பக்கம் போக மாட்டாங்க" என்றார். "நல்லவங்க போகாததாலதான்பா அது கெட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா கோபிக்கவில்லை. "சரி, படிச்சா என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆசிரியப் பணி, சட்டப் படிப்பு, பத்திரிகைத் துறை என்று அடுக்கினேன். இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் இதை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்பதையும் சொன்னேன். அந்தக் கடைசிச் செய்தியில் அப்பாவின் முகம் சிறிது மலர்ந்தது!

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் ஊக்கவுரையில், பலரால் இகழப்பட்டாலும் அரசியல் ஓர் உயர்ந்த அழைத்தல் என்றும், பொதுநலத்தை நாடுவதால் அது பிறரன்பின் மேலான வடிவங்களுள் ஒன்று என்றும் கூறியிருக்கிறார். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னார். பசித்த ஒருவருக்கு உணவளிப்பது அன்பு. ஊரில் எவரும் பசித்திராதபடி நல்ல ஏற்பாடு செய்வதும் அன்பே அல்லவா? பெரிய வியாழனன்று சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவர் தலைமை என்றால் என்ன என்பதைச் செய்து காட்டிவிட்டார். அதை அம்மாவிடம் சொன்னபோது, "முதல்ல அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டியா?" என்று அம்மா கேட்டார்.

கேட்டேன். மூன்று ஆண்டுகள் கழித்து, இந்தக் கல்வியாண்டில்தான் கேட்டேன். அத்தோழி சிரித்தாள். "அதையெல்லாம் இன்னுமா நினைச்சிட்டிருக்கே?" என்றாள். சிறிது நேரம் கழித்து, "நானும் மறக்கலை" என்று சொன்னாள். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்கிறார். நான் காத்திருக்கிறேன். எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் இன்னும் மூன்று ஆண்டுகளில் எனக்கு வாக்குரிமை வந்துவிடும். 1988இல் நிறைவேறிய 61ஆம் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18 ஆகக் குறைத்ததன் பயன் அது.

அடுத்த ஆண்டு லீடராகப் போகும் தங்கைகளே! சாக்பீஸைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகளை மனத்தில் வையுங்கள். இந்த அதிகாரத்தை எனக்குத் தந்தவர் யார்? நான் தவறு செய்தால் இவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? என் கணக்கு எங்கே? இவற்றுக்கு விடை தேடத் தொடங்கினால், நீங்கள் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் அரசியல் அறிவியலின் முதல் பாடத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள். அப்படியே பேசுபவர் பெயரை எழுதத்தான் வேண்டுமென்றால், உங்கள் உயிர்த்தோழியிடமிருந்து தொடங்குங்கள்!

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி